முறுக்கு மாறிய இடம்

சனிக்கிழமை காலையில் எங்கள் கேஸ் செத்துப்போனது. கொன்றது ஒரு சிட்டிகை உப்பு.

இடம் காக்ஸ் டவுன், டேரில் வீட்டு மொட்டை மாடி. தண்ணீர் டேங்குக்குக் கீழே வரிசையாகச் செடித் தொட்டிகள், நடுவில் ஒரு அடுப்பு, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த சாஃப்ட்வேர் ஜனங்கள். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால், கடற்கரையில் தானாக முளைத்துக் கிடப்பதைத் தின்று எப்படி உயிர் பிழைப்பது என்று டேரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்து கடலைப் பார்க்கவே ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் ஒரு நாற்காலி காலியில்லை.

டேரிலுக்கு அந்தத் தகுதி இருந்தது. போன வருஷம் அவனும் ஆபீஸ் நண்பன் ரகுராமும் லீவில் அந்தமான் போனார்கள். இரண்டு பேர் துடுப்புப் போடும் சின்னப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கி, காற்றில் அடித்துச் செல்லப்பட்டார்கள். பல வாரம் கழித்து மீனவர்கள் ஒரு குட்டித் தீவில் டேரிலை மட்டும் கண்டெடுத்தார்கள். ரகுராம் முதல் ராத்திரியே படகு கவிழ்ந்து மூழ்கிவிட்டான், நான் நீந்திக் கரை சேர்ந்தேன் என்றான் டேரில். ஊரே நம்பியது. ரகுராமின் மனைவி தாரணி மட்டும் நம்பவில்லை. அவள்தான் எங்கள் கட்சிக்காரி.

எங்கள் என்றால் நோரா மேடமும் நானும். நோரா மேடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வெகுகாலம் கிளெய்ம் விசாரித்தவர். தானே எரிந்த கடை, தானே தொலைந்த லாரி, இரண்டு தடவை செத்த மனிதர் எல்லாரையும் பார்த்துச் சலித்து, ஒக்கலிபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். நான் சுந்தரமூர்த்தி, அவருடைய உதவியாளன். ஊர் திருப்பத்தூர். முன்பு கால் சென்டரில் பேசிப் பிழைத்தேன். அதிகம் பேசுகிறேன் என்று அங்கே அனுப்பிவிட்டார்கள்.

தாரணி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் புருஷன் என்றைக்குச் செத்தான்? படகு கவிழ்ந்தது தை அமாவாசை ராத்திரி. அதையே திதியாக வைத்து, வருகிற திங்கட்கிழமை அமாவாசையில் முதல் வருஷத் திவசம் என்று கடலூரில் ரகுராமின் அப்பா வெங்கடகிருஷ்ணன் ஏற்பாடு செய்துவிட்டார். டேரில் சொன்னது பொய்யென்றால் நாளும் பொய். ஒரு வாரமாக அலைகிறோம், ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. நோரா மேடத்திடம் மிச்சமிருந்தது உப்புதான்.

அவர் கணக்கு இது. தீவுக் கரையில் படர்கிற வங்கராவாசிக் கீரை கடல் தண்ணீரைக் குடித்து வளர்வது. கிள்ளி வாயில் போட்டாலே கரிக்கும். அதைத் தின்று உயிர் பிழைத்தேன் என்கிறவன் சட்டியில் உப்பு போடவே மாட்டான். போட்டால், அவன் அதைத் தின்றதே இல்லை. அப்புறம் அவன் கதையில் வேறு எதையும் நம்ப வேண்டியதில்லை.

டேரில் கீரையைக் கிள்ளினான், கழுவினான், சட்டியில் போட்டான். பிறகு ஜாடியைத் திறந்து உப்பை எடுத்துத் தூவினான்.

நோரா மேடத்தின் முழங்கை என் விலாவில் இறங்கியது. அவர் எழுந்தார்.

"ஒரு டவுட், டேரில். கடல் கீரைக்கு உப்பு எதுக்கு?"

டேரில் சிரித்தான். தொட்டியிலிருந்து ஒரு இலையைப் பறித்து நீட்டினான். "குட் கொஸ்சின், மேடம். மென்னு பாருங்க."

மேடம் மென்றார். அவர் முகம் போன போக்கை நான் பார்க்க விரும்பவில்லை.

"தீவுல இது சரியான உப்பு மேடம். ரெண்டு தடவை வேகவெச்சுத் தண்ணியக் கொட்டினாத்தான் வாயில வைக்க முடியும். இங்க செம்மண்ணு, காவேரித் தண்ணி. உப்பு எங்கேர்ந்து வரும்? நாமதான் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் உட்கார்ந்தார். உப்பில்லாத அந்த இலையைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் நெஜமாவே தின்னிருக்கான், மேடம்" என்றேன் மெதுவாக.

"தெரியுது மேன். வாய மூடு."

அடுத்து டேரில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினான். காலையிலிருந்து அது மூன்றாவது தடவை. பச்சை மாங்காய் மாதிரி ஒரு காய்.

"திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க. இது மாங்கா இல்ல. அரளி ஜாதி. கிள்ளினா பால் வடியும். எவ்ளோ பசிச்சாலும் தொடாதீங்க. முதல்ல வாந்தி வரும். அப்புறம் நெஞ்சு ஸ்லோ ஆகும். கையப் பிடிச்சா நாடி எங்க இருக்குன்னே தெரியாது. பேசிட்டே இருப்பாங்க, திடீர்னு பேச்சு நின்னுடும்."

அவன் படத்தைக் கீழே வைக்க நேரமாயிற்று. பிறகு சொன்னான்.

"தெரியாத செடியத் தனியா சாப்பிடாதீங்க. ஒருத்தர் சாப்பிடணும், ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பாக்கணும். மறுநாள் முறைய மாத்திக்கணும்."

"ஆளில்லாத தீவுல ரெண்டாவது ஆள எங்க சார் புக் பண்றது?" என்று கேட்டேன். கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. டேரில் மட்டும் சிரிக்கவில்லை.

நோரா மேடம் விடவில்லை. "நீங்க தனியாத்தானே இருந்தீங்க? இந்த முறை எப்படித் தெரியும்?"

"அப்புறமா புக்ல படிச்சேன், மேடம்."

அந்தக் கதவும் சாத்தியாயிற்று.

கடைசியில் கயிறு வந்தது. டேரில் தீவிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள் அது. பூவரசம் பட்டையை உரித்து, ஊற வைத்து, நாரெடுத்து, தொடையில் உருட்டித் திரித்த நீளமான கயிறு. மிதந்து வந்த பிளாஸ்டிக் டப்பாக்களைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் செய்யத்தான் அது என்றான். எப்படித் திரிப்பதென்று எங்கள் கண் முன்னால் வலது கையால் தொடையில் உருட்டி ஒரு முழம் திரித்தும் காட்டினான். நான் பெரிய கயிற்றை மாலையாகப் போட்டுக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தேன். கேஸ்தான் இல்லை, ஸ்டேட்டஸாவது இருக்கட்டுமே.

"ஆளுக்கொரு நுனியப் பிடிங்க. பிரிச்சு உள்ள நாரைப் பாருங்க."

ஒரு நுனியை வீணா என்ற பெண் பிடித்தாள், மறு நுனியை நான். அவள் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினாள், நுனி பூவாகப் பிரிந்தது. நானும் அவளைப் பார்த்து அதே மாதிரி திருப்பினேன். என் நுனி பிரியவில்லை, இன்னும் இறுகியது. மறுபடி திருப்பினேன். மறுபடி இறுகியது. "சார், அது குழாய் இல்ல, கயிறு" என்றாள் வீணா. கூட்டம் கைதட்டியது. டேரில் அவசரமாக வந்து கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, கிளாஸ் முடிந்தது என்றான்.

தெருவுக்கு வந்ததும் மேடம் ஸ்கூட்டர் ஸ்டாண்டை உதைத்த உதையில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஒரு வாரம் மேன். ஒரு வாரமா உப்பு உப்புன்னு புலம்பிட்டு இருந்தேன். அவன் ஒரு இலையக் கொடுத்து என் வாய அடைச்சுட்டான்."

"இலை ஃப்ரீயா கொடுத்தான், மேடம். அத நினைச்சு சந்தோஷப்படுங்க."

"இன்னொரு வார்த்தை பேசினா நீ பஸ்ல வா."

பேசாமல் பின்னால் ஏறிக்கொண்டேன். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். பொய் சொல்கிறவனைப் பிடிப்பது சுலபம். பாதி உண்மை சொல்கிறவனை எந்தப் பக்கம் பிடித்தாலும் உண்மைதான் கைக்கு வருகிறது. அன்றைக்குப் பார்த்து எல்லா சிக்னலும் சிவப்பு. ஜோகுபாளையம் போய்ச் சேர்வதற்குள் மேடம் இரண்டு ஆட்டோக்காரர்களைக் கன்னடத்தில் திட்டியிருந்தார். அவர்களில் ஒருவர் நிஜமாகவே தப்பு செய்திருந்தார்.

தாரணியின் வீடு மாடியில் ஒரு சின்ன போர்ஷன். கட்டில் மேல் பாதி அடுக்கிய பை. மேலாகப் புது வேட்டி ஒன்று, விலைச்சீட்டு பிரிக்காமல். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னிக்கும் இல்லியா, மேடம்?"

"இல்லம்மா. சாரி."

அவள் அழவில்லை. காபி கலக்கப் போனாள். உள்ளேயிருந்தே பேசினாள்.

"மாமனார் காலையில போன் பண்ணாரு. ஐயருக்குச் சொல்லியாச்சாம். நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துருன்றாரு. நான் என்னன்னு சொல்றது? எம் மனசு ஒத்துக்கலன்னா, அவருக்குக் கோவம் வருது. அவருக்கும் புள்ள போயிருக்கு, இல்லியா."

"உனக்கு ஏம்மா அந்த நாள் தப்புன்னு தோணுது?" என்று மேடம் கேட்டார். ஏற்கனவே கேட்ட கேள்விதான். வேறு எதுவும் கேட்க இல்லாதபோது மனிதர்கள் அதையே கேட்பார்கள்.

தாரணி டம்ளர்களுடன் வந்தாள். "அவரு தேவனாம்பட்டணம் கடல்ல வளந்தவரு மேடம். டேரிலுக்கு உல்சூர் லேக்ல போட்ல ஏறவே பயம். ஆபீஸ் பிக்னிக்ல நானே பாத்திருக்கேன். அவன் நீந்திக் கரை சேந்தான், இவரு முழுகிட்டாராம். சொன்னா, கடலுக்கு ஆள் தெரியாதுன்றாங்க." டம்ளரை வைத்தாள். "வருஷா வருஷம் அந்த நாள்ல அவருக்கு எலை போடணும். நாளே தப்புன்னா, அவரு தன்னோட நாள்ல வந்து பாத்துட்டு, எலை இல்லாம திரும்பிப் போவாரு. மத்ததெல்லாம் தாங்கிக்குவேன் மேடம். இது என்னால முடியாது."

மேடம் காபியைத் தொடவில்லை. நான் எதையாவது செய்ய வேண்டுமே என்று மேஜை மேலிருந்த மிக்சர் பாக்கெட்டை எடுத்தேன். சுவரில் கத்திரிக்கோல் தொங்கியது. எடுத்து வெட்டினேன். பாக்கெட் வெட்டுப்படவில்லை, கத்திரிக்கு நடுவில் மடங்கிக்கொண்டது. திருப்பிப் பிடித்தேன். மறுபடி மடங்கியது. காலையில் கயிறு, இப்போது கத்திரி. அன்றைக்கு எந்தப் பொருளும் என் கைக்கு அடங்குவதாக இல்லை.

"ஐயோ, அது வேணாம் சார். அது அவரோடது. எடது கைக் கத்திரி. தேடி வாங்கினாரு."

நோரா மேடம் நிமிர்ந்தார். "ரகுராம் லெஃப்ட் ஹேண்டா? நீ கொடுத்த போட்டோவுல எல்லாம் வலது கையாலதானே சாப்பிடறாரு?"

"சாப்பிடறது, எழுதறது ரெண்டும் வலதுதான். சின்ன வயசுல பீச்சாங்கையால சோறு தொடாதேன்னு மாமனார் அடிச்சு அடிச்சு மாத்திட்டாராம். மத்தபடி ஆணி அடிக்கிறது, முடிச்சு போடறது எல்லாம் எடது கைதான்."

மேடம் எழுந்து வந்து என் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூர்த்தி, காலையில கயிறு உனக்கு ஏன் பிரியல?"

"ஏன் மேடம் அதையே ஞாபகப்படுத்தறீங்க?"

"அந்தப் பொண்ணு திருப்பின மாதிரியேதான திருப்பின?"

"அச்சு அசலா."

"அவளுக்குப் பிரிஞ்சுது, உனக்கு இறுகிச்சு. ஒரே கயிறு, ஒரே முறுக்குன்னா ரெண்டு நுனியும் ஒரே மாதிரி பிரியணும், மேன்." அவர் குரல் மாறிவிட்டது. "தாரணி, பூ கட்டற வாழை நார் இருக்கா?"

இருந்தது. மேடம் என்னைத் தரையில் உட்கார வைத்து, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டச் சொன்னார். துப்பறியும் தொழிலில் கௌரவம் என்பது கடைசியில் வரும் விஷயம். வலது கையால் தொடையில் உருட்டி ஒரு துண்டு திரித்தேன். இடது கைக்கு மாற்றி இன்னொரு துண்டு. இரண்டாவது, எலி கடித்த மாதிரி இருந்தது. நான்கு தடவை பிரிந்துபோய், ஐந்தாவது தடவை ஏதோ நின்றது. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பளிச்சென்று தெரிந்தது. ஒன்றில் முறுக்கின் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன, மற்றதில் இடப்பக்கம்.

"செல்ஃபிய எடு."

எடுத்தேன். கயிற்று மாலையும் அசட்டுச் சிரிப்புமாக நான். மேடம் படத்தைப் பெரிதாக்கினார். என் முகம் போய், கயிறு மட்டும் நின்றது.

"ஆனா செல்ஃபி இடவலம் மாத்திக் காட்டும், மேடம். எது எந்தக் கைன்னு இத வெச்சுச் சொல்ல முடியாது."

மேடம் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "ச்சே." பிறகு மறுபடி குனிந்தார். "இருக்கட்டும் மேன். எது எந்தக் கைன்னு அப்புறம் பாத்துக்கலாம். உன் கழுத்துக்கு இந்தப் பக்கம் கோடு எப்படிச் சாயுது? அந்தப் பக்கம் எப்படிச் சாயுது?"

பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு சாய்வு, மறு பக்கம் அதற்கு எதிர்ச் சாய்வு. கண்ணாடி இரண்டையும் மாற்றிக் காட்டலாம், இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

"அந்தக் கயித்துல ரெண்டு பேர் கை இருக்கு" என்றார் மேடம்.

தாரணி போனை வாங்கித் தானும் பார்த்தாள்.

"மேடம், எங்க ஊர்ல கயிறு திரிக்கிறான்னா பொய் சொல்றான்னு அர்த்தம்" என்றேன்.

"அந்தக் கயிறு பொய் சொல்லல. வண்டிய எடு."

"நானும் வரேன்" என்றாள் தாரணி. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று பேர் ஸ்கூட்டரில் போக முடியாது. ஆட்டோ பிடித்தோம். காலையில் மேடம் நியாயமில்லாமல் திட்டிய அதே ஆட்டோக்காரர். மீட்டருக்கு மேல் கேட்டார், மேடம் வாய் திறக்காமல் ஒத்துக்கொண்டார்.

டேரில் மாடியில் தனியாக இருந்தான். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன், எங்களுக்குப் பின்னால் தாரணி படியேறி வருவதைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"தாரணி. வா, உக்காரு."

அவள் உட்காரவில்லை. நோரா மேடம் நேராகப் போய் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார். காலையில் டேரில் எங்கள் முன்னால் திரித்த ஒரு முழத் துண்டு அடுப்புப் பக்கம் கிடந்தது. அதையும் எடுத்து, கயிற்றின் மேல் வைத்து, நுனியிலிருந்து நகர்த்திக்கொண்டே போனார். சாய்வு பொருந்தியது. கொஞ்ச தூரம் பொருந்திக்கொண்டே வந்தது. பிறகு ஒரு இடத்தில் கயிறு சற்றுத் தடித்திருந்தது, பழைய நாரோடு புது நார் செருகிய இடம். அதற்கப்பால் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. அப்படியே மறு நுனி வரை போயின.

"இந்தக் கால் பங்கு உங்க கை, டேரில். மீதி முக்கால் பங்கு யாரோட கை?"

டேரில் உடனே பதில் சொன்னான். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில் போலிருந்தது. "என் கைதான் மேடம். திரிச்சுத் திரிச்சு வலது கை புண்ணாப் போச்சுன்னா எடது கைக்கு மாத்துவேன்."

மறுபடியும் உப்பு. மறுபடியும் ஒரு இலையை நீட்டி வாயை அடைத்துவிட்டான். ஸ்டாண்டை உதைக்க ஸ்கூட்டர்கூட இல்லை.

ஆனால் மேடம் அசையவில்லை. ஊற வைத்த நார் வாளியில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு கொத்தை எடுத்து அவன் மடியில் போட்டார்.

"முக்கால் பங்கு கயிறு திரிச்ச எடது கை. எவ்ளோ சீரா இருக்கு பாருங்க, உங்க வலது கையவிட நல்லாவே திரிச்சிருக்கு. அதே கையால இப்ப ஒரு சாண் திரிங்க. நாங்க வெயிட் பண்றோம்."

டேரில் நாரைத் தொடையில் வைத்து இடது கையால் உருட்டினான். பிரிந்தது. மறுபடி உருட்டினான். பிரிந்தது. ஜோகுபாளையத்தில் தரையில் உட்கார்ந்து நான் பட்ட பாடு அப்படியே அவன் கையில் நடந்தது. யாரும் சிரிக்கவில்லை. கீழே தெருவில் யாரோ காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டேரிலின் கை நின்றுவிட்டது.

"நெஞ்சு ஸ்லோ ஆகும், பேசிட்டே இருப்பாங்க, திடீர்னு பேச்சு நின்னுடும்னு சொன்னீங்களே" என்றார் மேடம். "யாருக்கு அப்படி ஆனதப் பாத்தீங்க?"

அவன் நாரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேடத்திடம் பேசவில்லை, தாரணியிடம் பேசினான்.

"படகு கவிழ்ந்தப்ப என்னை இழுத்துக்கிட்டு நீந்தினது அவன்தான். நானா கரை சேரல. அவன் என் காலரைப் பிடிச்சுட்டே வந்தான்."

அவன் மடியிலிருந்த நாரை எடுத்து வாளியில் போட்டான்.

"எது தின்னலாம்னு ரெண்டு பேருக்கும் சரியாத் தெரியாது. வங்கராவாசியும் உமரிக் கீரையும் அவனுக்குத் தெரிஞ்சிருந்தது, அவங்க ஊர்ப் பக்கம் இருக்காம். அத மட்டுமே எத்தன நாள் தின்றது? மத்ததெல்லாம் முறை வெச்சுக்கிட்டோம். ஒரு நாள் அவன் சாப்பிடுவான், நான் பாப்பேன். மறுநாள் நான். ஒழுங்காத்தான் போயிட்டிருந்தது. அவன் உக்காந்து உக்காந்து கயிறு திரிப்பான். தெப்பம் கட்டி நானே ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன் மேன்னுவான்."

அவன் மூச்சு வாங்கினான்.

"அந்தக் காய் கிடைச்ச அன்னிக்கு என் முறை. பாத்ததுமே எனக்கு பயமாயிடுச்சு. வயிறு வலிக்குதுன்னு சொன்னேன். வலிக்கல, தாரணி. சும்மா சொன்னேன். அவன் சிரிச்சான். சரி நீ படு, நான் பாத்துக்கறேன்னான்."

மாடியில் தொட்டிச் செடிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. உயிர் பிழைப்பது எப்படி என்று அவன் வாராவாரம் பாடம் எடுத்த இடம். அந்தக் காயின் படத்தை ஏன் மூன்று தடவை காட்டினான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"அந்தக் கரையிலயே ஒரு பூவரச மரம் இருக்கு. அதுக்குக் கீழ அவனப் பொதைச்சேன். மீதிக் கயித்த நான் திரிச்சேன். முடிக்கறதுக்குள்ள மீனவங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. கேட்டப்ப முதல் ராத்திரியேன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல."

"கயித்த ஏன் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

"தூக்கிப் போட முடியல."

"நாளைக்குக் காலையில நானே உங்களப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன். அந்த மரம் எங்க இருக்குன்னு நீங்கதான் காட்டணும்."

டேரில் தலையாட்டினான்.

தாரணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரே வார்த்தை கேட்டாள்.

"என்னிக்கு?"

டேரில் தவித்தான். "டேட் தெரியாது, தாரணி. போன் எல்லாம் கடல்ல போயிடுச்சு. எண்ணிட்டு வந்தோம், நடுவுல எனக்கு ஜுரம் வந்து குழம்பிடுச்சு. சத்தியமா தெரியாது."

நோரா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்து, கேட்டது மட்டும் இல்லை. அவர் கை முஷ்டியாவதைப் பார்த்தேன்.

"யோசிச்சுப் பாருங்க" என்றாள் தாரணி. "அன்னிக்கு அவரு என்ன பண்ணாரு?"

"எப்பவும் போலத்தான். காலையில..." அவன் நிறுத்தினான். "இல்ல. அன்னிக்குக் காலையில கடல்ல இறங்கினான். இடுப்பளவு தண்ணியில நின்னு மூணு தடவை முழுகி எழுந்தான். ஏன் மேன், குளிக்கக் குட்டை இருக்கேன்னு கேட்டேன். நேத்து ராத்திரி நிலாவப் பாத்தேன், இன்னிக்குத்தான் இருக்கணும்னான். எங்க ஊர்ல இன்னிக்கு எல்லா சாமியும் கடலுக்கு வரும்னான். வந்து தலை துவட்டிட்டுத்தான் அந்தக் காயத் தின்னான்."

"மாசி மகம்" என்றாள் தாரணி.

நோரா மேடம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். மாசி மாதம் பௌர்ணமியை ஒட்டி மகம் வரும். அன்றைக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டணம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும், ஜனம் மொத்தமும் கடலில் முழுகும். தை அமாவாசையில் தேய்ந்து மறைந்த நிலா முழுசாக வளர்ந்த நாள். அத்தனை நாளும் ரகுராம் உயிரோடு இருந்து கயிறு திரித்திருக்கிறான்.

தாரணி மேடத்தின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். நுனியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். தடித்த இடத்தில் விரல் நின்றது. ஒரு கையால் அதைப் பிடித்தபடியே மறு கையால் போனை எடுத்தாள். மாமனாரின் குரல் எங்களுக்கும் கேட்டது. வெங்கடகிருஷ்ணனுக்கு வயதானதால் அவர் போனில் கத்தித்தான் பேசுவார்.

"மாமா, நான்தான். திங்கக்கெழம வேணாம் மாமா. ஐயர்கிட்ட சொல்லிடுங்க. இல்ல மாமா, கோவப்படாதீங்க. அவரு அமாவாசை அன்னிக்குப் போகல. மாசி மகத்தன்னிக்குத்தான் போனாரு. கடல்ல முழுகி எழுந்துட்டுத்தான் போயிருக்காரு."

"யாரு சொன்னா உனக்கு?"

தாரணி டேரிலைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை.

"அவரேதான் மாமா" என்றாள். "எடது கையால சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அந்தக் கையவா நான் அடிச்சேன்?" என்றார் வெங்கடகிருஷ்ணன், கத்தாமல்.